வெயிலில் நின்றவர்

துறைமுகத்தடி மண்டபத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி. ஒரு படத்தில், பந்தல் நிழலில் தலைவர். வெயிலில் முன்னாள் படைவீரர்கள், ஓரத்தில் என் அப்பா.

பார்த்ததும் எனக்குப் புளி மணத்தது. அணிவகுப்பு நாளில் அவருடைய வெண்கலப் பதக்கத்தை அம்மா குசினியில் புளி போட்டு விளக்கிக் கொடுப்பார். இந்தப் படம் எடுத்த அன்று தலைவர் வரப் பிந்திவிட்டது. போரில் காயம்பட்ட அப்பாவின் காலைப் பார்த்து யாரோ உட்காரக் கதிரை கொண்டுவந்தார்கள்.

"அணிவகுப்புக்கு வந்தனான், கூத்துப் பாக்க இல்லை. கொண்டுபோங்கோ!" என்றார் அப்பா.

படத்தின் கீழே தலைவரின் பெயர் மட்டுமே இருந்தது. அங்கே நின்ற பெண்ணிடம் அப்பாவின் பெயரையும் எழுதச் சொன்னேன். பொறுப்பாளரைத்தான் கேட்க வேண்டும் என்றவள், என் நரைத்த தலையைப் பார்த்துக் கதிரையொன்றை இழுத்துப் போட்டாள்.

"அவர் வரப் பிந்தும், அம்மா. இருங்கோ."

"வேண்டாம், பிள்ளை. அப்பா நிக்கிறார்."