இருபத்தஞ்சு பைக்கு என்ன விலைங்க?

ஒரு பையின் விலையைச் சொல்வதற்குள், வாங்க வந்தவரின் சொந்தபந்தத்தையே எண்ணி முடித்துவிடுகிற தொழில் எங்களுடையது. கொட்டேஷன் போட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, இதை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

பொம்மிடி பக்கம், விசேஷங்களுக்குத் தாம்பூலப் பை தைத்து, அதில் பேர் அச்சடித்துக் கொடுக்கும் சின்ன கம்பெனி. நான் முதலில் தையல் மெஷினில்தான் இருந்தேன். மனக்கணக்கு நன்றாக வருகிறதென்று ஓனர் அக்கா என்னை விலை சொல்லும் மேசைக்கு மாற்றினார். தையலில் வீடு போக ஆறு மணி ஆகும். இங்கே மூன்றரைக்கே விட்டுவிடுவார்கள், பால்வாடியிலிருந்து மகளை நானே கூட்டிப்போகலாம். இந்த நாற்காலியை லேசில் விடுவேனா?

சின்னக் குடும்பம்

வீடு குடிபோக இருபத்தைந்து பை கேட்டு ஒருவர் வந்தார். ஒரு பை நாற்பத்துநாலு ரூபாய் என்றேன். "பக்கத்து வூட்டுக்காரருக்கு ஆயிரம் பை இருபத்தொண்ணுனு குடுத்திருக்கீங்க. அதே துணிதானுங்களே?" என்று சண்டைக்கே வந்துவிட்டார்.

பொறுமையாகச் சொன்னேன். பை இருபது ரூபாய். பேர் அச்சடிக்க ஒரு ஸ்கிரீன், அதாவது அச்சுச் சட்டம், செய்யவேண்டும்; எத்தனை பை என்றாலும் அது அறுநூறு. ஆயிரம் பைக்குப் பிரித்தால் பைக்கு அறுபது பைசா, இருபத்தைந்துக்குப் பிரித்தால் இருபத்துநாலு ரூபாய். அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார், கணக்கு சரியாகத்தான் இருந்தது. முகம்தான் சரியாகவில்லை. கிளம்பும்போது கேட்டார்: "அப்ப, சொந்தக்காரங்கள கம்மியா வெச்சிருக்கறது எங்க தப்புங்களா?"

யார் பேர் முதலில்

ஒரு கல்யாணத்துக்குப் பெண்ணின் அப்பா வந்து ஐந்நூறு பை கேட்டார். ஐந்நூறுக்கான விலையைச் சொல்லி, முன்பணமும் வாங்கிவிட்டேன். அச்சடிக்கிற அன்று மாப்பிள்ளையின் மாமா வந்து நிற்கிறார். பெண் வீட்டுப் பையில் பெண் பேர் முதலில், மாப்பிள்ளை வீட்டுப் பையில் மாப்பிள்ளை பேர் முதலில் வரணுமாம். பத்திரிகையை அப்படித்தானே அடிக்கிறோம், எனக்கும் அப்படித்தானே அடித்தார்கள்! ஆனால் கேட்க மறந்துவிட்டேன்.

ஐந்நூறு என்பது இரண்டு இருநூற்றைம்பது ஆகிப்போனது. ஸ்கிரீனும் இரண்டு. கூடுதல் காசு கேட்டதற்கு, "நாங்க ஐந்நூறு பைதானம்மா வாங்கறோம்" என்று அந்த மாமா சிரித்துக்கொண்டே கைவிரித்தார். ஓனர் அக்கா சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ இப்படி விலை போட்ட, உன் மெஷின் காலியாத்தான் கெடக்கு, பாத்துக்க."

மூன்று நூறு

அடுத்த வாரமே மூன்று ஆர்டர் கைநழுவப் பார்த்தது. அரூர் பக்கத்திலிருந்து ஒருவர் நூறு பை கேட்டார். இருபத்தாறு ரூபாய் என்றதும் சேலத்தில் விசாரிப்பதாகச் சொல்லிப் போனார். அப்புறம் வந்த அம்மாவும் நூறு கேட்டு, அதையே சொன்னார். மூன்றாவதாக ஒருவர் போனில் கேட்டார், அதே நூறு, அதே சேலம். எழுதிவைத்த மூன்று சீட்டையும் பார்த்தால் ஒரே கோயில், ஒரே தேதி, காதுகுத்து. விசாரித்தால் மூவரும் ஒரே குடும்பம். அண்ணன், நடுத்தம்பியின் சம்சாரம், கடைசித் தம்பி. வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லையாம்.

மூவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னேன். "ஒரே பையில மூணு புள்ளைங்க பேரையும் போட்டா, ஸ்கிரீன் ஒண்ணுதான். முந்நூறு பை, இருபத்திரண்டு ரூபா." விலை எல்லாருக்கும் பிடித்தது. "என் பையன் பேரு மேல வரணும்" என்றார் அண்ணன். "வயசுல எம் பொண்ணுதான் மூத்தவ" என்றார் கடைசித் தம்பி. ஓனர் அக்கா என் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. சட்டென்று டிபன் பாக்ஸ் மூடியைக் காகிதத்தில் கவிழ்த்து வட்டம் போட்டு, நடுவில் பிள்ளையார், சுற்றிலும் மூன்று பேரையும் எழுதி நீட்டினேன்.

அண்ணனும் தம்பியும் முறைத்துக்கொண்டே பார்த்தார்கள். நடுவீட்டு அம்மா காகிதத்தை வாங்கி ஒரு சுற்று சுற்றினார். "இப்படித் திருப்பிப் புடிச்சா எங்கூட்டுப் பையன் பேரு மேல வருது. அவங்கவங்க அவங்கவங்க பக்கமா திருப்பிக்கட்டும். அடிச்சுடு கண்ணு!"

அவர்கள் முன்பணம் கொடுத்துப் போனதும் ஓனர் அக்கா தையல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "அந்தக் காலி மெஷினுக்கு வேற ஆளப் பாருங்க, இவ இனிமே இங்கதான்."

நூறுக்கும் முந்நூறுக்கும் வித்தியாசம் பைக்கு நாலே ரூபாய்தான், ஆனால் அதைக் குறைக்க ஒரு குடும்பத்தையே சேர்த்துவைக்க வேண்டியிருக்கிறது.