பெயர் கேட்கக் கூடாத இடம்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரில், வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட் வாசலில் உவே என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். மடித்துப் போட்ட கம்பளி, பக்கத்தில் ஒரு நாய், முன்னால் ஒரு காகிதக் குவளை. காசு போடுகிறவர்களுக்கு நன்றி சொல்வார், அது சரி. போடாமல் போகிறவர்களைப் பார்த்தும் "ஷோனன் டாக் நோக்" என்பார். மிச்சப் பொழுது நல்லபடியாகப் போகட்டும் என்று அர்த்தம். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு காசும் கொடுக்காத என்னை இந்த மனிதர் எதற்காக வாழ்த்த வேண்டும்? நக்கலா? இல்லை, சாபத்தையே இப்படிச் சிரித்துக்கொண்டு விடுவதுதான் இந்த நாட்டுப் பழக்கமா? பால் பாக்கெட்டோடு வீடு வந்து சேரும்வரை இதே யோசனை.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவன். கையேந்துகிறவர்கள் விஷயத்தில் இந்தக் குணம் இன்னும் மோசம். வேலை இல்லாதவனுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கும் நாட்டில் இவர் ஏன் உட்கார்ந்திருக்கிறார்? அந்த நாய் இவருடையதுதானா? ஒரு நாள் குளிர் எலும்பைத் துளைத்தது. போகட்டும் என்று சூடாக ஒரு காபி வாங்கி, சர்க்கரை போட்டு, நின்றபடியே நீட்டினேன். உவே வாங்கவில்லை. காபி இன்றைக்குப் போதும், வயிறு எரிகிறது, தயிர் கிடைக்குமா, ஸ்ட்ராபெரி போட்டது, என்றார். எனக்கு வந்ததே கோபம்! என் நிறத்தைப் பார்த்து, என் கையால் வாங்க யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் முகம் போன போக்கைப் பார்த்து அவர் வேறு மாதிரி நினைத்திருக்கிறார். விலை கூடுதல் என்று பார்க்கிறாயா, அப்படியானால் சாதாரணத் தயிரே போதும் என்றார்.

மறுநாள் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்க்கும் ஸபீனாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "நீ நின்றுகொண்டா பேசினாய்?" என்பதுதான். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம், ஆனால் உயரத்தில் நின்று கொடுக்காதே, முட்டியை மடக்கு, முகத்தைப் பார், பெயரைக் கேள் என்றாள். அவர் சொல்வது பொய்யாக இருந்தால் என்றேன். "நீ என்ன போலீஸா?" என்றாள். சுருக்கென்றது. அதற்குப் பிறகு நான் முட்டியை மடக்கப் பழகிக்கொண்டேன். உவேயின் பெயரும் நாயின் பெயரும் எனக்கு அப்படித்தான் தெரிந்தன. நாளடைவில் அதில் எனக்கு ஒரு பெருமையும் வந்துவிட்டது. மனிதனை மனிதனாக மதிக்கத் தெரிந்துகொண்டு விட்டேனாம்.

அந்தப் பெருமையைப் பெட்டியோடு கட்டிக்கொண்டுதான் இந்த விடுமுறைக்குத் தேனிக்கு வந்தேன். பழனிசெட்டிபட்டியில் அக்கா வீட்டில் தங்கினேன். அக்காவின் கணவர் அங்கேயே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை காலையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சில்லறை கொட்டி வைத்துவிடுவார். ஒவ்வொருவராக வருவார்கள், மச்சான் தட்டிலிருந்து எடுத்துப் போடுவார், வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. மச்சானின் கண் பெயிண்டு டப்பா எண்ணுவதை விட்டு நிமிராது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இவங்க பேராவது தெரியுமா மச்சான்?"

"பேரைக் கேட்டா சங்கடப்படுவாக மாப்ளே. மொகத்தைப் பாக்காமக் குடுத்தாத்தான் அடுத்த வாரமும் நம்ம கடைக்கு வருவாக."

திமிர் என்று நினைத்தேன். கொடுக்கிற கைக்கு வாங்குகிற முகம் தேவைப்படவில்லை என்றால் வேறு என்ன சொல்வது? அக்காவோ இன்னொரு வகை. அவளுக்குப் பிச்சைக்காரர்கள் என்றாலே வாட்ஸாப்தான். "அவளுக கையில இருக்கிற புள்ளைகளைப் பாத்துருக்கியா? தூங்கிக்கிட்டே கெடக்கும். மருந்து குடுத்துருக்காளுக. பூராம் களவாண்ட புள்ளைக" என்று ஒரு வீடியோவைக் காட்டினாள். எந்த ஊர், எந்த மொழி என்றே தெரியாத வீடியோ. இதையெல்லாம் நம்பாதே என்று அவளுக்குப் புத்தி சொன்னேன். ஆனால் அந்த வீடியோவை முழுசாகப் பார்த்தேன்.

இரண்டொரு நாள் கழித்து மார்க்கையன்கோட்டையில் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கக் கிளம்பினேன். நான் பிறந்து வளர்ந்த ஊர் அதுதான். அப்பா போன பிறகு எங்கள் வீட்டை விற்றாயிற்று. சின்னமனூரில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் படித்ததெல்லாம் சின்னமனூரில்தான். அந்த பஸ் ஸ்டாண்டில் நான் நிற்காத தூண் கிடையாது. அங்கே, குடிதண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கையேந்தி உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. "கம்பம், கூடலூர், குமுளி" என்று கத்துகிறார்கள். பின்னால் ஒரு பஸ் ஏர்ஹாரனை அலறவிட்டுக்கொண்டு திரும்புகிறது. எனக்கே காது அடைத்தது. பிள்ளை அசையவில்லை. அக்கா காட்டிய வீடியோ எனக்குள் ஓட ஆரம்பித்தது.

போகிற வருகிறவர்கள் முகம் பார்க்காமல் காசு போட்டுவிட்டுப் போனார்கள். நான் பையைத் தரையில் வைத்தேன். முட்டியை மடக்கி, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்க பேரு என்னங்க?"

என் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று அவள் எட்டிப் பார்த்தாள். "எதுக்குக் கேக்குற?"

"சும்மாதாங்க. பாப்பா பேரு என்ன?"

சட்டென்று முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடினாள். "காசு போடுறதுன்னா போடு. இல்லைன்னா நகரு."

ஏன் மூட வேண்டும்? மூடியதும் என் சந்தேகம் இரட்டிப்பாகிவிட்டது. உவேயின் நாயைத் தொடுவதற்கு முன்னால்கூட அனுமதி கேட்கிறவன் நான். இங்கே என்ன புத்தி கெட்டுப்போனதோ, முந்தானையை விலக்கிப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுவிட்டேன்.

"ஆத்தாடி! புள்ள மேல கைய வைக்கிறான்!"

அவ்வளவுதான். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஓடி வந்த டிரைவர் ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். "பட்டப்பகல்ல புள்ள புடிக்கிறியா?" என் கையிலிருந்த போன் அவர் கைக்குப் போய்விட்டது. சுற்றிலும் கூட்டம்.

"ஐயோ, இல்லைங்க. இவ்வளவு சத்தத்துலயும் பிள்ளை முழிக்கவே இல்லை. அதான் தொட்டுப் பார்த்தேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மை கூட்டத்தை அப்படியே அவள் பக்கம் திருப்பிவிட்டது.

"ஆமால்ல! இம்புட்டுச் சத்தத்துல எந்தப் புள்ள தூங்கும்?"

"மருந்து குடுத்துருப்பா. வாட்ஸாப்ல வந்துச்சுல்ல."

"அவ நெறமென்ன, புள்ள நெறமென்ன? போலீசுக்குப் போன் போடு. புள்ளைய வாங்கி ஒப்படைச்சிருவோம்."

கைகள் பிள்ளையை நோக்கி நீண்டன. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள். "நான் பெத்தது! தரமாட்டேன்! ஆரன் சத்தத்துலயே வளந்த புள்ளய்யா. சத்தம் நின்னாத்தான் முழிக்கும். ராத்திரியில அழுது தீத்துட்டுப் பகல்ல தூங்குது" என்று அலறினாள். யார் காதிலும் விழவில்லை. யாரோ பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்ததில் அது விழித்துக்கொண்டு வீரிட்டது. இரண்டு கையாலும் அவள் தலைமுடியைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. "பாத்தியா, மருந்து தெளிஞ்சிருச்சு" என்றார் ஒருவர். பிள்ளையைப் பறித்துக்கொண்டு போய்விடப் போகிறார்கள், நான் கேட்ட ஒரு கேள்வியால். "விடுங்க, விடுங்க" என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

அப்போது பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். "ஏலே, புள்ளைய விடுங்கடா! இவளுக்கு வலி கண்டப்ப நாந்தான ஆட்டோவுல ஏத்தி ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன்? நீதானடா ஓட்டுன!" என்று டிரைவரின் தோளில் ஓர் இடி இடித்தார்.

டிரைவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார். "இந்த அக்காவா அது? அன்னைக்கு நான் மொகத்தைப் பாக்கலையே" என்றார். தினமும் அவளைத் தாண்டித்தான் அவர் ஆட்டோ போகிறது. நீண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

டிரைவருக்கு ஏற்பட்ட சங்கடத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டுமே. நான் இருந்தேன். "அப்ப நீ யாருய்யா?"

"மார்க்கையன்கோட்டைங்க."

"மார்க்கையன்கோட்டையில யாரு வீடு?"

சித்தப்பா பெயரைச் சொன்னேன். வாழைத்தாரோடு நின்ற ஒருவர், "அவுகளைத் தெரியும். அவுக அண்ணன் மகன் வெளிநாட்டுலல்ல இருக்காக" என்றார். அப்பாடா என்றிருந்தது. "நான்தாங்க அது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அவுக ஒல்லியாவுல்ல இருப்பாக. பள்ளிக்கூடம் போறப்பப் பாத்துருக்கேன்." ஜெர்மன் ரொட்டியும் உருளைக்கிழங்கும் செய்த வேலையை அந்த இடத்தில் எப்படி விளக்குவது? எங்கள் அக்காவுக்குப் போன் போடுங்கள் என்று கெஞ்சினேன். "போட்டா ஒன் கூட்டாளி எடுப்பான்" என்றார் டிரைவர். ஆதார் கார்டு கேட்டார்கள். என் பர்ஸில் இருந்தது ஜெர்மன் அடையாள அட்டை. அது கைமாறிக் கைமாறிப் போனது. "இது எந்த ஊரு பாசை? டூப்ளிகேட்டு!" என்றது ஒரு குரல். "பேச்சே சரியில்ல. நம்மூருக்காரன் இப்பிடியா வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவான்?" என்றது இன்னொன்று. நான் இந்த ஊர்க்காரன் என்று சொல்லச் சொல்லக் காலரில் இருந்த பிடி இறுகியது. அடி விழப் போகிறது என்று நிச்சயமாகத் தெரிந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் வாயைத் திறந்தாள். "விட்டுருங்கய்யா அந்தாள. ஊருக்குப் புதுசு. பாத்தாலே தெரியலையா? பழக்கம் தெரியாம உக்காந்து பேசிருச்சு மனுசன்."

எல்லோரும் என் ஷூவை, பையை, முகத்தைப் புதிதாகப் பார்த்தார்கள். "அட, புதுசா! அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதான சார்?" என்றார் டிரைவர். காலரை விட்ட கையாலேயே என் சட்டையை நீவிவிட்டார். போன் திரும்பி வந்தது. அட்டையும் வந்தது. ஊர்க்காரனாக இருந்தவரை திருடன். புதியவன் என்றதும் சார். நானும் தலையை ஆட்டினேன். "ஆமாங்க, புதுசுதான்."

பர்ஸில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். பழக்கதோஷம், முட்டி மறுபடியும் மடங்கப் பார்த்தது.

"மறுபடி உக்காராத சாமி. போடுறதுன்னா நின்னுக்கிட்டே போட்டுட்டுப் போ. நீ உக்காந்தா ஊரே பாக்குது."

நின்றுகொண்டே போட்டேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பெயர் கேட்கவில்லை. இன்று வரை அவள் பெயர் எனக்குத் தெரியாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு இதை எழுதும்போது, இப்படிச் செய்யுங்கள் என்று சொல்லத்தான் ஆசை. சொல்ல வரவில்லை. முகம் பார்க்காமல் கொடுப்பதில் ஒரு மரியாதை இருக்கிறது, மச்சான் அதைத்தான் சொன்னார் போலிருக்கிறது. ஆனால் முகத்தைப் பார்க்காததால்தான் அந்த டிரைவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை, ஒரு தாயின் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்கப் பார்த்த கூட்டத்தில் அவரும் நின்றார். ஸபீனா சொன்னது அவள் ஊரில் சரி. அங்கே நான் உட்கார்ந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே நான் உட்கார்ந்ததும் அவள் சந்திக்கு வந்துவிட்டாள். எது சரி என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். கூட்டத்தில் யாருமே நம்பாத என்னை, நான் சந்தேகப்பட்ட அந்தப் பெண்தான் காப்பாற்றினாள் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

டிரைவர் என் பையை வாங்கிக்கொண்டு தானே முன்னால் நடந்தார். மார்க்கையன்கோட்டை பஸ் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வழி தெரியாதவனாக அவர் பின்னாலேயே போனேன். கூட்டத்தில் பாதிப் பேர் இன்னும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்துவிட்டு, கண்டக்டரிடம் சொன்னார்: "அண்ணே, இவரு ஊருக்குப் புதுசு. மார்க்கையன்கோட்டை வந்ததும் சொல்லி எறக்கி விடுங்க."

பஸ் கிளம்பியது. இரண்டு பக்கமும் நெல் வயல். ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும், எங்கே குலுக்கும் என்பதும் தெரியும். ஊர் வந்தது. விசில் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் என் தோளைத் தொட்டார்.

"சார், இதுதான் மார்க்கையன்கோட்டை. யாரு வீட்டுக்குப் போகணும்?"

சொன்னேன்.

"தெரியாத ஊரு, சுத்திக்கிட்டு நிக்காதீக. எறங்கி யாருகிட்டயாச்சும் கேளுங்க, சொல்லுவாக."

"சரிங்க. கேட்டுப் போறேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.