மேசையைக் காலி செய்த லேப்டாப்

சரஸ்வதி பூஜை முடிந்த வாரத்தில் எங்கள் கடைக்கு வரும் லேப்டாப்களுக்கு என்ன கோளாறு என்று, பையைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவேன். பைக்குள்ளிருந்து சந்தனமும் ஊதுபத்தியும் மணக்கும். சாமி படத்துக்கு முன்னால் வைத்து, குங்குமம் இட்டு, மேலே பூவும் அட்சதையும் தூவிக் கும்பிட்டிருப்பார்கள். டெஸ்க்டாப் இருந்த காலத்தில் மானிட்டர் ஓரத்தில் ஒரு பொட்டு, சிபியு தலையில் ஒரு பொட்டு, அத்தோடு சரி. லேப்டாப்பில் எல்லாம் ஒரே பலகையில் இருப்பதால் குங்குமம் நேராகக் கீபோர்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மிச்சத்தை ஃபேன் இழுத்துக்கொள்ளும். மறுநாள் எண்டர் கீயை அமுக்கினால் வேலை செய்யாது. சாமி குத்தமோ என்ற முகத்தோடு கடைக்கு வருவார்கள்.

ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய வணிகக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது எங்கள் கடை. அதற்கு முன் நான் இதே தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் போர்டு அசெம்பிளி லைனில் இருந்தேன். லைனை விட்டுக் கடைக்கு வந்த பிறகு விற்பதும் நான்தான், பிரித்து மேய்வதும் நான்தான். கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், டெஸ்க்டாப்பை மாற்ற வருகிறவருக்கு எந்த லேப்டாப்பைக் காட்டுவது என்று என்னிடம் கேட்பார்கள். ரேம், எஸ்எஸ்டி எல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்பேன். அவர்களுக்கு நான் சொல்வது புனிதாவின் கதையைத்தான்.

1. வாங்க வந்தது

புனிதாவும் அவள் கணவர் தேவனும் ஒரு சனிக்கிழமை வந்தார்கள். தேவன் பத்து காவானில் ஒரு ஃபேக்டரியில் டெக்னீஷியன். புனிதா ஆயர் ஈத்தாமில் தங்கள் ஃப்ளாட்டிலிருந்தே கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், நினைவஞ்சலி எல்லாம் டிசைன் செய்து பிரஸ்ஸுக்கு அனுப்புகிறவள். எட்டு வருஷ டெஸ்க்டாப் ஒன்றை வைத்து அந்தத் தொழிலை நடத்தியிருந்தாள்.

பேச்செல்லாம் தேவனுடையது. "அக்கா, நல்ல ஸ்லிம்மா, வெயிட் இல்லாம காட்டுங்க. இவ பொழுதன்னைக்கும் அந்த மூலையிலயே செவத்தப் பாத்து உக்காந்திருக்கா. பாவம் லா. இது வந்துட்டா ஹால்ல உக்காரலாம், ரூம்ல உக்காரலாம், எங்க வேணாலும் உக்காரலாம்."

மனைவிக்கு நல்லது செய்கிறோம் என்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் தெரிந்தது. அதில் கள்ளமே இல்லை.

புனிதா இரண்டே கேள்விதான் கேட்டாள். "என் பழைய தமிழ் ஃபாண்ட் எல்லாம் இதுல வந்துருமாக்கா?" வரும் என்றேன். "செவப்பு செவப்பாத் தெரியுமா? கார்டுல செவப்பு பழுப்பா வந்துச்சுன்னா மாப்பிள்ள வீட்ல ஏசுவாங்க."

நிறம் நன்றாகக் காட்டும் பேனல், பதினாறு ஜிபி ரேம், டிசைன் சாஃப்ட்வேருக்குத் தகுந்த ப்ராசசர் என்று நான் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது நல்ல மெஷின்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே கொடுப்பேன். பதினாலு இன்ச் போதும், தூக்க லேசாக இருக்கும் என்றார் தேவன். புனிதா திரையை விரலால் அளந்து பார்த்தாள். பழைய டெஸ்க்டாப்பை, மானிட்டர் கீபோர்டு சகிதம், விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் இருபத்து நாலு இன்ச் மானிட்டர் மட்டும் அருமையாக இருந்தது. விற்க மனம் வராமல் அதை எங்கள் சர்வீஸ் பெஞ்சில் வைத்துக்கொண்டேன்.

2. கீபோர்டுக்குள் கடுகு

சில மாதம் கழித்து சரஸ்வதி பூஜை வந்தது. அடுத்த வாரம் புனிதா தனியாக லேப்டாப்போடு வந்தாள். சந்தன வாசனை அடித்தது. "வாங்க, வாங்க, குங்குமம் கேஸ்தானே?" என்று கிண்டல் செய்துகொண்டே ஸ்க்ரூவைக் கழற்றினேன்.

குங்குமம் இருந்தது, பத்திச் சாம்பலும் இருந்தது. ஆனால் கீபோர்டைத் தூக்கியபோது சாமிக்குப் படைக்காத சாமான்களும் இருந்தன. ஸ்பேஸ் பாருக்குக் கீழே கடுகு. அம்புக்குறிக்குப் பக்கத்தில் காய்ந்த கறிவேப்பிலைத் துணுக்கு. ஒரு சோற்றுப் பருக்கை. மூலையில் சாம்பார் சொட்டி மஞ்சளாய்க் காய்ந்திருந்தது.

"என்னம்மா இது, தாளிச்சுக் கொட்டிட்டீங்களா?" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது.

"சாப்பாட்டு மேசையிலதான்க்கா வேலை. காலைல பசியாறி முடிச்சதும் தொடச்சுட்டு உக்காருவேன். மத்தியானம் பிள்ளைங்க வந்தா எடுத்து வைக்கணும். திரும்ப உக்காருவேன். ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்ப எடுத்து வைக்கணும்."

"பழைய கம்ப்யூட்டர் டேபிள் என்னாச்சு?"

"அதான் லேப்டாப் வந்துருச்சே, டேபிள் எதுக்குன்னு கெப்பாலா பத்தாஸ்ல அவரு தங்கச்சி வீட்டுக்குக் குடுத்துட்டாரு. அந்த எடத்துல இப்ப மீன் தொட்டி. அரோவானா வாங்கி விட்டிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது. கோபம்தான் தங்கியது. மீனுக்கு நிலையாக ஓர் இடம். வீட்டுக்குச் சம்பாதிக்கிறவள் தட்டையும் லேப்டாப்பையும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு அலைகிறாள்.

முக்கியமான சேதியை அவள் கடைசியில்தான் சொன்னாள். கார்டு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய கார்டு ஒன்றைத் திறந்து, நகல் எடுத்து, பெயர்களை மாற்றிப் புதிய கார்டு செய்வார்கள். பெரிய மானிட்டர் இருந்தவரை, வாடிக்கையாளர் எழுதிக் கொடுத்ததை ஒரு பக்கமும் கார்டை ஒரு பக்கமும் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்ப்பாள். பதினாலு இன்ச்சில் இரண்டையும் சேர்த்து வைத்தால் எழுத்து எறும்பாகிவிடும். ஒன்றை மூடித்தான் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அப்படி ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் மத்தியானச் சாப்பாட்டு வேளை வந்திருக்கிறது. மூடி வைத்துவிட்டாள். திரும்பத் திறந்தபோது பார்த்து முடித்துவிட்டதாக நினைத்து பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டாள். கார்டில் பெயரெல்லாம் சரி. முகூர்த்த நேரம் மட்டும் முந்தைய கல்யாணத்தினுடையது.

"பொண்ணோட அப்பா வீட்டுக்கே வந்துட்டாருக்கா. கத்தல. 'நம்பித்தானேம்மா குடுத்தோம்'னு மட்டும் சொன்னாரு. அதுக்குக் கத்தியிருக்கலாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நிறுத்திடலாம்னு இருக்கேன். அவரு ஃபேக்டரில ஆள் எடுக்குறாங்களாம், கேட்டு வச்சிருக்காரு. எனக்கு வயசாயிருச்சு, கவனம் பத்தலன்னு தோணுது."

அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கவனம் எங்கேயும் போகவில்லை, அதற்கு உட்கார இடம்தான் இல்லை. பாயான் லெப்பாஸில் நான் லைனில் நின்ற நாளில்கூட என் பெஞ்சு என் பெஞ்சாகத்தான் இருந்தது. ஷிஃப்ட் முடியும்வரை சூப்பர்வைசர்கூட அதில் ஒரு கப்பை வைக்க மாட்டார். இதை அவளிடம் நீட்டி முழக்கத் தோன்றவில்லை. "சனிக்கிழமை எடுத்துக்கலாம். தேவன் தம்பியையும் கூட்டிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

3. சர்வீஸ் பெஞ்சில்

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். சுத்தம் செய்த லேப்டாப்பைப் பெஞ்சில் மானிட்டரோடு இணைத்து, தனிக் கீபோர்டும் மவுஸும் போட்டு வைத்திருந்தேன். ரிப்பேர் முடிந்தால் வெளித் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம்.

புனிதா மானிட்டரின் வலது ஓரத்தைத் தடவினாள். அங்கே காசளவுக்கு ஒரு மஞ்சள் கறை. நான் எத்தனையோ முறை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தும் போகாத கறை அது.

"இது என்னோடதுக்கா. வருசா வருசம் பொட்டு வச்ச எடம்."

"சரி பார்த்துக்குங்க" என்று நாற்காலியைத் தள்ளினேன். அவள் உட்கார்ந்ததும், சொல்லி வைத்தாற்போல் பிரஸ்ஸிலிருந்து போன் வந்தது. ஒரு கார்டில் மண்டபத்தின் பெயர் மாறியிருக்கிறதாம், உடனே வேண்டுமாம். "இங்கயே செஞ்சுக்கவாக்கா?" என்றாள். தாராளமாக என்றேன்.

வாட்ஸ்அப்பில் வந்ததை இடப்பக்கம் வைத்தாள், கார்டை வலப்பக்கம் வைத்தாள். முதுகு நிமிர்ந்தது. மண்டபத்தின் பெயரை மாற்றினாள். பிறகு பேனாவைத் திரைமேல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பெண் பெயர், பெற்றோர் பெயர், நாள், முகூர்த்தம், மண்டபம். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. கடையில் ஆட்கள் வந்தார்கள், போனார்கள். அவள் திரும்பவே இல்லை. அனுப்பி முடித்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

தேவன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமாக அவர் பார்த்தது மூலையில் ஒரு முதுகைத்தான். அந்த முதுகுக்கு முன்னால் நடந்த வேலையை அன்றைக்குத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இவ்வளவு நல்லா செய்ற. வீட்ல ஏன் புனி இப்பிடி உக்கார மாட்ற?" என்றார்.

"எங்க உக்கார? மீன் தொட்டி மேலயா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கடையில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு ஸ்க்ரூ டப்பாவில் எதையோ தேடுவதுபோல் நின்றேன்.

"ஒனக்கு லேசா இருக்கட்டும்னுதானே வாங்குனேன்" என்றார் தேவன், குரல் இறங்கி.

"லேசாத்தான் இருக்கு. ஒரு நாளைக்கு எத்தன தடவ தூக்கி வைக்கிறேன், எனக்குத் தெரியாதா? நீங்க கெட்டது நெனைக்கலங்க. ஆனா அந்த மூலைதான் எனக்கு ஆபீஸ். நான் அங்க உக்காந்தா, அம்மா வேலை செய்றான்னு பிள்ளைங்களுக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில உக்காந்தா, அம்மா சும்மா இருக்கான்னு கூப்பிடுறாங்க. நீங்களும்தான் கூப்பிடுறீங்க."

தேவன் மானிட்டரைப் பார்த்தார், கறையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, இத இன்னும் விக்கலதானே?" என்றார்.

கடை முதலாளி சீனர், தவுக்கே என்றுதான் அழைப்போம். பெஞ்சிலிருந்த மானிட்டரைத் தூக்கிக் கொடுப்பதைப் பார்த்து முறைத்தார். அவர் முறைப்பது எனக்குப் புதிதில்லை. தேவன் அதைப் போர்வையில் சுற்றிக் காரின் முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டார். புனிதா பின்சீட்டில் உட்கார்ந்து போனாள். மறுவாரம் கெப்பாலா பத்தாஸுக்குப் போய் மேசையையும் மீட்டு வந்தாராம். தங்கச்சி வீட்டில் அதன்மேல் துவைத்த துணியைக் குவித்து வைத்திருந்தார்களாம். அரோவானா இப்போது வாசல் பக்கம் குடியேறிவிட்டது.

லேப்டாப் வாங்கியது தப்பே இல்லை. பிரஸ்ஸுக்குப் போகும்போது அதை மட்டும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போகிறாள், வாடிக்கையாளர் எதிரிலேயே திருத்தித் தருகிறாள். டெஸ்க்டாப்பால் அது முடியாது. ஆனால் டெஸ்க்டாப் ஒரு மெஷின் மட்டுமில்லை, அது வீட்டுக்குள் ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை எடுத்தால் இடமும் சேர்ந்து போய்விடும். அதனால் டெஸ்க்டாப்பை மாற்ற வருகிறவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது, "இத எங்க வைப்பீங்க?" என்பதுதான். எங்கே வேண்டுமானாலும் என்று யாராவது சொன்னால், யார் அதில் வேலை செய்யப்போகிறாரோ அவர் முகத்தைப் பார்ப்பேன்.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜை அன்று புனிதா ஒரு படம் அனுப்பியிருந்தாள். அதே மூலை. மானிட்டரின் பழைய கறை மேலேயே புதிதாக ஒரு பொட்டு. லேப்டாப்பை மூடி அதன்மேல் துணி போர்த்தியிருந்தாள். அதற்குப் பூவுமில்லை, குங்குமமுமில்லை. மேசையின் முன்விளிம்பில் மட்டும் சந்தனம் தடவி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வரிசையாகக் குங்குமப் பொட்டு வைத்திருந்தது.

கீழே எழுதியிருந்தாள்: "மேசைப் பொட்டெல்லாம் அவரு வச்சதுக்கா."