பதினாறில் நிறுத்தியவர்

யூனிஸ் தன் சீட்டைக் கடைசியில்தான் பார்ப்பார். மற்றவர்கள் இரண்டு சீட்டையும் விரல் நுனியால் தூக்கி, இரண்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகள் போல உதட்டுக்குள் கூட்டிக்கொண்டிருக்க, அவர் கண் மேசைமேல் உள்ள புளியங்கொட்டைக் குவியல்களைச் சுற்றி வரும். யாரிடம் எவ்வளவு, யார் இப்போது எவ்வளவு தள்ளினார்கள், யார் தள்ளிவிட்டு எச்சில் விழுங்கினார்கள். எல்லாம் பார்த்த பிறகு, யாருக்கோ வந்த சீட்டைப் போலத் தன் சீட்டைத் திருப்புவார்.

தாம்பரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு தொலைபேசி நிலையத்தில், ஸ்விட்ச்போர்டில் வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டர். இருபது வருடமாகத் தலையில் மாட்டிய ஹெட்செட் காதுக்கு மேல் முடியை அழுத்தி ஒரு வாய்க்கால் போட்டிருக்கிறது. போனில் கத்துபவர்களிடம் குரலை உயர்த்த மாட்டார். "கொஞ்சம் இருங்க சார், அந்தப் பக்கம் இன்னா சொல்றாங்கன்னு கேட்டுட்டு வரேன்" என்பார். மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கும்போதும் அப்படித்தான். பக்கத்தில் நிற்கும் பெண் என்ன விலைக்கு வாங்குகிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் தானே வாயைத் திறப்பார். பஸ்ஸில் எல்லோரும் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தால் இவர் பார்ப்பது எட்டிப் பார்க்கிறவர்களை.

அவர் சீட்டு ஆடுவது வீட்டில் தெரியாது. கணவர் துரைராஜ் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர், சபையில் மூப்பர். சீட்டுக்கட்டு இருக்கும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். யூனிஸும் வருடத்தில் மற்ற நாளெல்லாம் சீட்டைத் தொடுவதில்லை. நவம்பரில் ஒரே ஒரு நாள், கிறிஸ்துமஸ் லீவுக்காகத்தான் ஆடுகிறார்.

அந்த நிலையத்தின் வழக்கம் அது. கிறிஸ்தவ ஆபரேட்டர்கள் நிறையப் பேர். கிறிஸ்துமஸுக்கு விடக்கூடியது இரண்டு பேரை. ஒரு காலத்தில் சூப்பர்வைசர் காந்திமதி முன்னால் அழுகையும் சிபாரிசுமாக இருக்கும். பெயர் எழுதிய துண்டுச்சீட்டு குலுக்கிப் போட்டார். மடித்ததில் அடையாளம் வைத்ததாகச் சொன்னார்கள். வெறுத்துப்போய், "இருபத்தொண்ணு ஆடுங்க. ஜெயிச்சவங்க போங்க. அப்புறம் எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தக் கூடாது" என்று சொல்லிவிட்டார். எல்லோருக்கும் எதிராக ஆடும் பேங்க் அவரேதான். காசு கிடையாது, ஆளுக்கு ஒரு படி புளியங்கொட்டை. ஒவ்வொரு லீவுக்கும் ஒரு ஆட்டம்; முடிவில் யாரிடம் கொட்டை அதிகமோ அவருக்கு. ஜெயித்தவர் தன் லீவை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. முதல் வருடம் கொடுத்ததில் வந்த சண்டை அப்படி.

ஆட்டம் எளிது. ராஜா, ராணிக்குப் பத்து; சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும், தாண்டினால் போச்சு. பேங்க்கை விடக் கூடுதலாக இருந்தால் தள்ளிய கொட்டை இரட்டிப்பாகத் திரும்பும். சமமாக இருந்தால் தள்ளியது அப்படியே திரும்பும். பேங்க் பதினேழு வந்ததும் நிறுத்திக்கொள்ளும். ஆனால் யூனிஸ் சொல்வது வேறு. "பேங்க்க ஜெயிச்சி இன்னா பண்ணப் போற? கடைசில பக்கத்துல இருக்கறவனவிட உங்கிட்ட ஒரு கொட்ட ஜாஸ்தி இருந்தா போதும்." அவர் இதுவரை பெரிதாக எதையும் ஜெயித்ததில்லை. பெரிதாகத் தோற்றதும் இல்லை.

இந்த வருடம் அவருக்கு அந்த நாள் கட்டாயம் வேண்டியிருந்தது. மகள் பேபி இரண்டு வருடம் முன்பு அனகாபுத்தூர்ப் பையன் சவுரிமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் கத்தோலிக்கன், இவர்கள் புராட்டஸ்டன்ட்; அதுவும் சொல்லாமல் செய்த கல்யாணம். மாலையோடு வாசலில் வந்து நின்ற அன்று யூனிஸ் முதலில் பார்த்தது மகளை அல்ல, கணவரின் முகத்தை. அந்த முகத்தில் இருந்ததை வாங்கித் தன் முகத்திலும் வைத்துக்கொண்டார். பேபி இப்போது படப்பையில் இருக்கிறாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை. வரவே இல்லை.

போன மாதம் படப்பையிலிருந்து ஒரு போன் கால். மருந்துக்கடை போனில் பேசியவள் பேபி; ஆபரேட்டர் குரல் அம்மாவுடையது என்று கண்டுகொண்டாள். பிறகு, "கிறிஸ்துமஸுக்கு வரலாம்னு கீறோம்மா. நீ வூட்ல இருப்பன்னா வரோம். அப்பா மட்டும் இருந்தா வரல" என்றாள். "இருப்பேன்" என்று யூனிஸ் சொன்னார். எந்த நம்பர் வேண்டும் என்று கேட்க மறந்துவிட்டார்.

ஓய்வறையில் ஆட்டம் நடந்தது. முதல் லீவு ஒரு புதுப் பெண்ணுக்குப் போனது. இரண்டாவதற்குக் கடைசியில் எஞ்சியவர்கள் யூனிஸும் தேவானந்தமும். தேவானந்தத்தின் மனைவி தெற்கே நாசரேத்தில், தன் தாய்வீட்டில் பிள்ளை பெற்றிருக்கிறாள். அவர் இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லை. வாய் மட்டும் ஓயவில்லை. "அக்கா, உனக்கு கேக்கு வாங்கி பார்சல் அனுப்பறேன். போர்டாண்ட குந்திகினு துன்னு."

கடைசிக் கை. யூனிஸிடம் ஒரு பிடி கொட்டை அதிகம். தேவானந்தம் இருந்ததையெல்லாம் தள்ளினார். யூனிஸ் அதே அளவு தள்ளி, அந்த ஒரு பிடியைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். தேவானந்தத்துக்குப் பதினெட்டு வந்தது; சீட்டைத் திறந்து காட்டி நிறுத்திவிட்டார். காந்திமதியின் முன்னால் ஒரு ராஜா திறந்தும் ஒரு சீட்டு கவிழ்ந்தும் கிடந்தன. யூனிஸ் தன் சீட்டைத் திருப்பினார். பத்தும் ஆறும்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும், இன்னொரு சீட்டைக் கேள் என்றார்கள். ராஜாவுக்கு எதிரே பதினாறு வைத்துக்கொண்டு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

"இன்னாக்கா, ராஜாவப் பாத்து கம்முனு ஆயிட்ட?" என்றார் தேவானந்தம்.

"நான் ராஜாவோட ஆடலப்பா. உன்னோட ஆடறேன்."

அவர் நினைத்தது இதுதான். பேங்க் தாண்டிப் போனால் இரண்டு பேருக்கும் வரவு. தன் ஒரு பிடி முந்தி நிற்கும். பேங்க்குக்குப் பத்தொன்பதோ அதற்கு மேலோ வந்தால் இரண்டு பேருக்கும் போகும். அப்போதும் தன்னிடம் ஒரு பிடி இருக்கும். பதினேழோ பதினெட்டோ வந்தால் மட்டும்தான் கெடும். சீட்டுக் கேட்டால் ஆறும் அதற்கு மேற்பட்டதும் எல்லாமே தன்னைத் தாண்ட வைத்துவிடும். கணக்கில் பிழை இல்லை. இருந்தும் விரல் ஒருமுறை கட்டை நோக்கி நகர்ந்தது. தேவானந்தத்தின் முகத்தைப் பார்த்தார். விரலை இழுத்துக்கொண்டார்.

"போதும்" என்றார்.

காந்திமதி கவிழ்ந்த சீட்டைத் திருப்பினார். ஏழு. பதினேழு. பேங்க் நிறுத்திக்கொள்ள வேண்டிய இடம்.

படப்பைக் கால் வந்த அன்று அடுத்த போர்டில் உட்கார்ந்திருந்தவர் காந்திமதி. அவருக்கு எல்லாம் தெரியும். கொட்டைகளை இரண்டு கையாலும் தேவானந்தம் பக்கம் தள்ளிவிட்டு, "இருபத்தஞ்சு காலைல ஆறு மணி டூட்டி, யூனிஸ்" என்றார். யூனிஸின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

தேவானந்தம் ஜெயித்த சத்தம் எதுவும் போடவில்லை. எதையாவது பேச வேண்டுமென்று பேசுகிறவராக, "நீ கேட்டிருந்தா இன்னா வந்திருக்கும்க்கா? அதே சீட்டு மேலதானே கீது, பாத்துடலாம்" என்று கட்டின் பக்கம் கை நீட்டினார்.

அவர் கை போய்ச் சேருமுன் யூனிஸின் உள்ளங்கை கட்டின்மேல் இருந்தது. மேல் சீட்டைத் திருப்பாமல் எடுத்தார். கட்டின் நடுவில் செருகி, விளிம்பு வெளியே தெரியாதபடி பெருவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினார்.