கோடு வளையுதா என்று கேட்டவள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சிறிய கண் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். வயதானவர்கள் என்றால் கூடுதலாக ஓர் அட்டையைக் காட்டுவேன். அட்டை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். "ஒரு கண்ணப் பொத்திக்கிட்டுப் புள்ளிய மட்டும் பாருங்க. கோடு எங்கயாவது வளையுதா?" வளைகிறது என்றால், வயதினால் விழித்திரையின் நடுப்பகுதி கெடத் தொடங்கியிருக்கலாம். உடனே மதுரைக்கு அனுப்ப வேண்டும். கான்சாபுரத்துச் சம்சாரி ஒருவர், "எங்க வரப்ப விட நேராத்தாம்மா இருக்கு" என்றார். நான் சிரிக்காமல் "சரி" என்று எழுதிக்கொண்டேன். வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு நினைப்பு.

அப்பாவுக்கு ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் பவர்லூம் பட்டறையில் செக்கிங் வேலை. சிறிய லென்ஸைத் துணிமேல் வைத்து, வலது கண்ணை அதில் ஒட்டிக்கொண்டு இழை பார்ப்பார். பிசகிய துணியைக் கழித்துவிடுவார். அந்த ஒரு கண்தான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. என்னைப் படிக்க வைத்ததும் அதுதான்.

அந்த வருஷம் சித்திரையில் ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் போதும், "ஏட்டி, இன்னைக்கும் பாவு சரியில்ல. நடுவுல இழை வளைஞ்சு வருது" என்பார். முதலில் லென்ஸைக் குறை சொன்னார். வேறு லென்ஸ் வாங்கினார். பிறகு தறியைக் குறை சொன்னார். அதற்கும் பிறகு தறி ஓட்டுகிறவர்களை.

"யாரு நெய்ஞ்சாலும் உங்களுக்குக் கோணல்தான்ப்பா" என்று நான் கேலி செய்வேன். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் மல்லுக்கட்டிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருப்பேன். வீட்டிலும் இதே புலம்பலா என்று எரிச்சலாக வரும். நான் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, கேட்காமலே ஒருத்தர் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஆறு மாதம் ஏறவில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தறி ஓட்டும் அக்கா ஒருவர் அப்பா கழித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"நாலாவது தடவையாக் கழிச்சுட்டீக அண்ணாச்சி. எங்க வளையுதுன்னு எங் கண்ணு முன்னால காட்டுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ கண்ணாஸ்பத்திரியிலதான இருக்க, நீயே பாரு தாயி."

வாங்கி விரித்துப் பார்த்தேன். ஓர் இழைகூடக் கோணவில்லை. அப்போதுதான் அது மண்டையில் ஏறியது. உள்ளே ஓடிப் பையிலிருந்து அட்டையை எடுத்துவந்து, அப்பாவின் இடது கண்ணை என் கையாலேயே பொத்தி, புள்ளியைப் பார்க்கச் சொன்னேன்.

"புள்ளி எங்கட்டி இருக்கு?" என்றார் அப்பா.

அந்த அக்கா துணியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நானும் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதைச் சொல்லிச் சீட்டுப் போட்டேன். கை நரம்பில் மஞ்சள் மருந்தை ஏற்றிக் கண்ணுக்குள் வரிசையாகப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: வலது கண்ணின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை. கோடு வளையத் தொடங்கியபோதே வந்திருந்தால் லேசர் வைத்துப் பார்த்திருக்கலாம். இடது கண்ணையாவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"எத்தன மாசமா இப்படித் தெரியுது?"

"ஆறு மாசமிருக்கும்ங்கய்யா."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லைங்கய்யா. யார்ட்டயும் சொல்லல" என்றார்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "பெத்த பொண்ணே கண் ஆஸ்பத்திரியில வேல பாக்குது. அதுகிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னய்யா உங்களுக்கு?" என்று செத்த நேரம் சத்தம் போட்டார். அப்பா பள்ளிக்கூடத்துப் பையனைப்போலத் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.