சித்தப்பா கைது செய்த மச்சான்

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சித்தப்பாவைப் பந்தியில் தேடிப் பயனில்லை. மண்டபத்து வாசலில், வண்டிகள் நிற்கும் இடத்தில்தான் நிற்பார். வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்தபடி, கிளம்புகிற ஆண்களை ஒவ்வொருவராக நிறுத்தி நலம் விசாரிப்பார். நலம் விசாரிக்க அவ்வளவு நெருக்கமாகப் போக வேண்டியதில்லை. வாயை மோந்து பார்க்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

“இன்னா மாமா, மொய் எழுதற எடம் உள்ள கீது. இங்க நின்னுக்கினு எங்க வாய மோந்து பாக்கறீங்களே?” என்று முறைப்பையன்கள் கிண்டல் செய்வார்கள். “உன்னப் புடிக்க எனக்குப் பவர் இல்லப்பா. சாவிய மட்டும் குடு, அப்புறம் எவ்ளோ வேணா திட்டு” என்பார். திட்டிக்கொண்டேதான் கொடுப்பார்கள். செவிலிமேட்டுப் பாலம் தாண்டிப் போகவேண்டியவர்கள் மண்டபத்துப் பாயிலேயே படுத்துவிட்டு, காலையில் அவரோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுப் போவார்கள். அந்தக் காலைகளின் சிரிப்புச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

சித்தப்பா ராணுவப் போலீசில் ஹவில்தார். சிவப்புத் தொப்பியும் வெள்ளை பெல்ட்டுமாக அவர் நிற்கும் போட்டோவைப் பார்த்துவிட்டு, “எங்க ஸ்கூல் சாரைக்கூடப் புடிப்பீங்களா?” என்று சிறுமியாக இருந்தபோது கேட்டிருக்கிறேன். ராணுவத்தில் இருப்பவர்களை மட்டும்தான் என்றார். ஒரு சிப்பாய் குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அந்த இடத்திலேயே கைது செய்யலாம். அதிகாரியாக இருந்தால் இன்னொரு அதிகாரி உத்தரவு கொடுக்க வேண்டும். “நமக்கு வேண்டியவங்களா இருந்தா?” என்று கேட்டேன். தறியில் உட்கார்ந்திருந்த அப்பா என்னை அதட்டி வெளியே அனுப்பினார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சித்தப்பாவோடு ஒன்றாகவே ராணுவத்தில் சேர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். அடுத்த தெருக்காரர். அவருடைய தங்கையைத்தான் சித்தப்பாவுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். இருவரும் வடக்கே ஒரே ஊரில் பணியில் இருந்தபோது, ஒரு சாயங்காலம் அந்த நண்பர் குடித்துவிட்டு ஜீப் ஓட்டி வந்தார். நிறுத்தியவர் சித்தப்பா. “நாந்தான்டா, உன் மச்சான்” என்று சிரித்தாராம். சித்தப்பா கைது செய்தார். அங்கே நண்பருக்குப் பதவி ஒரு படி இறங்கியது. இங்கே நிச்சயம் முறிந்தது. அந்தப் பெண்ணுக்காக எங்கள் தறியில் பாதி ஓடியிருந்த கூறைப்புடவையை அப்பா பேசாமல் நெய்து முடித்து, யாருக்கோ விற்றார். லீவில் வந்த சித்தப்பா அந்த வீட்டு வாசல்வரை போனார். கதவு திறக்கவில்லை. அதன்பிறகு கடைசிவரை அந்தத் தெருவுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போவார். இதைப் பற்றி அவர் பேசி ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன்.

“அவன் என்கூடப் பேசலன்னா பரவால்லமா. உசுரோட இருந்துக்கினுதானே பேசாம இருக்கறான்.”

சித்தப்பா இப்போது இல்லை. என் மகன் ராணுவத்தில் இருக்கிறான். போன வாரம் அவனுடைய யூனிட்டிலிருந்து போன் வந்தது. குடித்துவிட்டு பைக் ஓட்டியதற்காக ராணுவப் போலீஸ் அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். அடி எதுவும் படவில்லை என்றார்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் ஒருபக்கம். சித்தப்பா இருந்திருந்தால் ஒரு போன் போட்டு வெளியே எடுத்திருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து, பிடித்தவன் யாரோ, அவன் நாசமாய்ப் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் மகனைப் பேச விட்டார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை.

“மா, சின்னத் தாத்தா இருந்திருந்தா பேசி வெளிய வுட்ருப்பாருல்ல?”

நானும் அப்படித்தானே நினைத்தேன். ஆனால் அவன் வாயால் கேட்டபோதுதான் உறைத்தது. “அவரு இருந்திருந்தா, உன்ன மொதல்ல அவரே புடிச்சிருப்பாருடா” என்றேன்.

“புடிச்சவன் யாரு தெரியுமாமா? டெய்லி என்கூட வாலிபால் ஆடறவன். நான்தான்டான்னு சொல்றேன், கேக்கவே இல்ல, சாவிய எடுத்துக்கினான். இனிமே அவன் மூஞ்சில முழிக்கவே மாட்டேன்” என்றான்.

“அடுத்த லீவுக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கினு வா.”

“யாரம்மா?”

“உன்னப் புடிச்சவனத்தான்.”