சூளையோரம் காஞ்ச மழ டயரு

இத எழுதவே வாணாம்னுதான் இருந்தேன். ஒரு ஆளு டயர கெடுத்த கதைய ஒக்காந்து எழுதற நேரத்துல நல்லா சாப்ட்டு தூங்கலாம். ஆனா எங்க ஊரு டீக்கடையில அந்தாளு இன்னிக்கும் கால் மேல கால் போட்டுகிட்டு, "மழைக்கு தனி டயரு, வெயிலுக்கு தனி டயருன்னு வச்சி வண்டி ஓட்டுனது இந்த விருத்தாசலத்துலயே நான் ஒருத்தன்தான்"னு பேசிகிட்டு இருக்காரு. அத நாலு பேரு வாயப் பொளந்துகிட்டு கேக்குறானுங்க. கேட்டுட்டு வூட்டுக்கு வந்தா எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது. அதான் எழுதறேன்.

அந்தாளுன்னா எங்க மொதலாளி. பீங்கான் கம்பெனி வச்சிருந்தாரு. கம்பெனின்னதும் பெருசா நெனச்சிக்காதீங்க. ஒரு தகர ஷெட்டு, ஒரு சூளை, மண்ணு அரைக்கிற மெஷினு ஒண்ணு, எப்ப பாத்தாலும் இருமிகிட்டே சுத்துற ஒரு ஃபேனு, அவ்ளோதான். பொம்ம, ஊறுகா ஜாடி செய்வோம். கார்த்திக வந்தா பீங்கான் அகலு. நானு ஒம்போதாவதுல ஸ்கூலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அங்க மண்ணு மிதிக்கத்தான் சேந்தேன். காலையில மண்ணுல எறங்குனா சாயங்காலம் நானே ஒரு பொம்மையாட்டம் வெள்ளையா வெளிய வருவேன். பஸ்ஸுல பக்கத்து சீட்டு காலியா இருந்தாலும் ஒருத்தரும் ஒக்கார மாட்டாங்க. பொண்ணுங்க இருக்குற பக்கம் திரும்பவே வெக்கமா இருக்கும்.

அப்பதான் மொதலாளி ஒரு குட்டி யானை வாங்குனாரு. தும்பிக்கை இருக்குற யானை இல்லங்க, சின்ன லோடு வண்டி. அத அப்புடித்தான் ஊரே கூப்புடும். அங்க லைசென்சு வச்சிருந்தவன் நான் ஒருத்தன்தான். சாவி என் கைக்கு வந்துச்சி. சட்டையில மண்ணு ஒட்டாம, பாட்டு போட்டுகிட்டு, முடிய ஒரு பக்கமா வாரிகிட்டு போவலாம். மந்திரியாட்டம் ஒக்காந்திருப்பேன் அந்த சீட்டுல.

அந்த சீட்டுக்கு வேட்டு வந்தது ஒரு மழையில. டயரெல்லாம் தேஞ்சி என் சித்தப்பா தல மாதிரி மொட்டையா இருந்துச்சி. பஸ் ஸ்டாண்டு வளைவுல பிரேக்க மிதிச்சேன், வண்டி அது பாட்டுக்கு வழுக்கிகிட்டு போயி ஒரு மேடையில இடிச்சி நின்னுச்சி. பின்னாடி ஊறுகா ஜாடிங்க 'கலகல'ன்னு சிரிச்சிதுங்க. மொதலாளி வந்து ஒடைஞ்சத பொறுக்கி பாத்துட்டு சொன்னாரு.

"இன்னொரு லோடு ஒடைஞ்சிதுன்னா சாவிய குடுத்துட்டு பழையபடி மண்ணுல எறங்கிடு."

"மொதலாளி, டயர பாருங்க. அதுல வழுக்காம எறும்புகூட நடக்க முடியாது."

பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. அந்த மண்டையில ஏதோ வேல நடக்குதுன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சி போச்சி. மறுநாளு ஷெட்டுல எல்லாரையும் நிக்க வச்சி ஒரு பிரசங்கம். வெளிநாட்டுல பனி காலத்துக்குன்னு தனி டயரு வச்சிருக்கானாம், டிவியில பாத்தாராம். பனி முடிஞ்சதும் கழட்டி பத்திரமா வச்சிட்டு வேற டயர மாட்டிக்குவானாம்.

"அவனுக்கு பனி, நமக்கு மழ. அவ்ளோதான் வித்தியாசம்"னாரு. வெயிலு காலத்துக்கு இந்த மொட்டையே போதுமாம், ரோடுதான் காஞ்சி கெடக்குதே. மழைக்கு மட்டும் நல்ல பட்டன், அதான் ரோட்ட புடிக்கிற வெட்டு, வச்ச புது செட்டு.

இதுல பாதி நல்ல யோசனதான், ஒத்துக்கறேன். ஆனா நல்ல யோசன அந்தாளு கையில கெடச்சா அது என்னா கதிக்கு ஆவும்னு பாருங்க.

எங்க ஊர்ல பீங்கான் வேல செய்யுறவங்களுக்கு ஒரு பழக்கம். சூளையிலேருந்து எறக்குன சாமான வெரலு முட்டியால தட்டி பாப்பாங்க. 'டிங்'குன்னு கேட்டா நல்லா வெந்த சரக்கு. 'பொத்'துன்னு கேட்டா உள்ளார விரிசல். பீங்கானுக்கு அது சரி. எங்க மொதலாளி எதப் பாத்தாலும் தட்டுவாரு. தர்பூசணிய தட்டுவாரு, புதுசா வாங்குன செல்போன தட்டுவாரு, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள முதுகையும் தட்டி பாத்துட்டுதான் காபியே குடுத்தாராம். டயரு கடைக்கு என்னையும் கூட்டிகிட்டு போனாரு. போன ஒடனே குந்திகிட்டு ஒவ்வொரு டயரா தட்ட ஆரம்பிச்சிட்டாரு. காத சாச்சிகிட்டு, கண்ண மூடிகிட்டு.

கடைக்காரரு கொஞ்ச நேரம் பாத்தாரு. "அண்ணே, உள்ள யாரும் இல்லண்ணே. வேணும்னா மணி அடிங்க"ன்னாரு.

"சத்தம் பாக்குறன்யா."

"ரப்பருல என்னா சத்தம் பாப்பீங்க?"

"நீ ஏவாரத்த மட்டும் பாரு. சரக்க நான் பாத்துக்கறேன்."

எது கெட்டியா கேட்டுச்சோ அத தனியா எடுத்து வச்சாரு. எது கெட்டியா கேட்டுச்சி தெரியுமா? கடை வாசல்ல வெளம்பரத்துக்குன்னு வெயில்ல மாட்டி வச்சிருந்த டயருங்க. அத எவன் தலையில கட்டலாம்னு கடைக்காரரு எவ்ளோ நாளா காத்துகிட்டு இருந்தாரோ, "அண்ணே, ஒங்க காது மாதிரி காத நான் பாத்ததே இல்ல"ன்னு ஒரே போடா போட்டாரு. மொதலாளிக்கு மொகமெல்லாம் பல்லு. ரெண்டு பேருமே ஜெயிச்ச ஏவாரம் நான் அன்னிக்குதான் பாத்தேன்.

ஆனாலும் பட்டன் புதுசு. அந்த வருச மழ முழுக்க வண்டி வழுக்காமதான் ஓடுச்சி. ஒரு ஜாடிகூட ஒடையல. அந்தாளு ஊரு பூரா தம்பட்டம் அடிச்சிட்டாரு. பொங்கலு முடிஞ்சதும், "கழட்டுடா, மொட்டைய மாட்டு"ன்னாரு. கழட்டுனேன். இனிமே மழ வர வரைக்கும் அத எங்க வைக்கறதுன்னு கேள்வி.

பீங்கான்காரனுக்கு ஈரம்னா எமன். இன்னும் சுடாத பச்ச சாமான்ல கொஞ்சம் ஈரம் நின்னாகூட சூளைக்குள்ள வெடிச்சிடும். அதனால எது நனைஞ்சாலும் எங்க ஆளுங்க சூளை பின்னாடி செவுத்துகிட்ட கொண்டு போயி வச்சிடுவாங்க. துணி, செருப்பு, ஸ்கூலு பையி, ஒரு தடவ ஒரு கோழி. அந்த செவுத்துல முட்டையே அவிச்சிடலாம். அங்க கொண்டு போயி கம்பியில வரிசையா தொங்கவுட்டாரு டயர. ஸ்டெப்னியும் சேத்து.

அப்ப என் கூட இருந்தவன் என் கூட்டாளி. ஷெட்டுல வைக்கோல் சுத்தி சாமான் கட்டுற வேல அவனுக்கு. லோடு போனா எறக்குறதுக்கு என் பக்கத்து சீட்டுல வருவான். அவன் கேட்டான்.

"மொதலாளி, டயரு எப்ப வேவும்? ரெண்டு பக்கமும் திருப்பி போடணுமா?"

"சிரிங்கடா. மழையில ஊறுன ரப்பரு. ஈரத்த இழுத்து வெளிய தள்ளுனாதான் அடுத்த வருசத்துக்கு ஒழைக்கும்."

அதோட வுட்டாரா? வாரா வாரம் மண்ணெண்ணெயில துணிய நனச்சி அத தொடைக்கணும், பளபளன்னு இருக்கணும்னாரு. அந்த வேலயும் என் தலையில. தொடைக்க தொடைக்க கருகருன்னு மின்னும், எனக்கே மொகம் தெரியும். ஷெட்டு முழுக்க ரப்பரு நாத்தம். சூளை ஓடுற நாள்ல பக்கத்து கம்பெனிக்காரன் வேலி மேல எட்டிப் பாத்து, "என்னாங்க, டயருல பொம்ம சுடறீங்களா?"ன்னு கேப்பான்.

டயரப் பத்தி எனக்கும் ஒரு மண்ணும் தெரியாதுங்க. ஆனா அந்தாளு ஒண்ணு சொன்னா அது தப்பாத்தான் இருக்கும்னு மட்டும் நல்லா தெரியும். இந்த அறிவு போதும்னு நெனச்சிகிட்டு இருந்தேன். போதல.

ஐப்பசி பொறந்து மழ புடிச்சிகிச்சி. டயர எறக்குனோம். மொதலாளி குந்தி தட்டுனாரு. 'டொக்'குன்னு ஒரு சத்தம் பாருங்க, தேக்கு கட்டைய தட்டுன மாதிரி. அந்தாளு கண்ணுல தண்ணியே வந்துடிச்சி.

"போன வருசத்த வுட கெட்டிடா! நல்லா வெந்து எறங்கியிருக்குது!"

நானு நகத்தால அமுக்கி பாத்தேன், நகந்தான் வலிச்சிது. கூட்டாளி டயரோட பக்கவாட்ட தடவி பாத்துட்டு, "மொதலாளி, இங்க முடியாட்டம் கோடு கோடா ஓடுதே"ன்னான்.

"ஏன், நம்ம ஜாடி மேல வுழறதில்ல? மேல பூசுற பாலிஷுல அப்புடி கோடு வுழுந்த ஜாடிய பட்டணத்துக்காரன் ஆசையா கேட்டு வாங்குறான். அது அழகுடா."

டயருக்கு அழகு. சரின்னு மாட்டுனோம்.

கார்த்திகைக்கு சேத்தியாத்தோப்புல ஒரு கடைக்கு அகலு லோடு போவணும். பஸ் ஸ்டாண்டு வளைவுல ஒடைஞ்ச ஜாடிங்களும் அந்த கடைக்கு போவ வேண்டியதுதான், கடைக்காரரு அந்த கடுப்புல இருந்தவரு. வைக்கோல் சுத்தி, அடுக்கடுக்கா வச்சி, மேல தார்ப்பாய் கட்டி ஏத்துனோம். மொதலாளி வண்டி ஜன்னல்கிட்ட வந்து நின்னாரு.

"பொழுது சாயறதுக்குள்ள, ஒடையாம போவணும். இல்லன்னா தெரியுமில்ல?"

"தெரியும் மொதலாளி. மண்ணு."

மாட்டு வண்டி வேகத்துலதான் போனேன். நெசமாதான். பின்னாடி வந்த டவுன் பஸ்ஸு டிரைவரு ஹாரன் அடிச்சி அடிச்சி அழுதாரு. கூட்டாளி வெளிய எட்டிப் பாத்து, "அண்ணே, உள்ள புள்ளத்தாச்சி இருக்குது"ன்னு கையாட்டிகிட்டே வந்தான். மழ கொட்டுது. கருவேப்பிலங்குறிச்சி தாண்டி கொஞ்ச தூரம் போனதும் ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுனோம். பின் பக்கம் அப்பளம் ஒடைஞ்ச மாதிரி ஒரு சத்தம். வெடிக்கல, கிடிக்கல. டயரோட பக்கவாட்டு அப்புடியே வாயப் பொளந்துகிச்சி. வண்டி ஒரு பக்கமா சாஞ்சிகிட்டே ரோட்ட வுட்டு எறங்குது. ஸ்டீயரிங்க நான் இந்த பக்கம் திருப்புறேன், அது அந்த பக்கமே போவுது.

"மாப்ள," கூட்டாளி மெதுவா கேட்டான், "வண்டி ஏன்டா நாத்து நடப் போவுது?"

வயல்ல போயி சொகமா ஒக்காந்துகிச்சி. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கீறலு கெடையாது. தார்ப்பாய அவுத்து பாத்தோம். மேல் அடுக்கு பொழச்சிடிச்சி. கீழ இருந்ததெல்லாம் ஜல்லி. கூட்டாளி வைக்கோலுக்குள்ள கைய வுட்டு ஒரு முழு அகல எடுத்தான், அத தட்டி பாத்து, 'டிங்'குன்னு கேட்டதும் எனக்கு காட்டி சிரிச்சான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன அதே சேத்துல அமுக்கியிருப்பேன். ஏன்னா எனக்கு அப்ப அகலு தெரியல, என் சீட்டு போறதுதான் தெரியுது.

சரி, டயர மாத்திட்டு மிச்சத்தையாவது கொண்டு போயிடலாம்னு வண்டிக்கு அடியில பாத்தா ஸ்டெப்னி இல்ல. மொதலாளிக்கு போன போட்டேன்.

"ஸ்டெப்னி எங்க மொதலாளி?"

"மழையா இருக்குதே, நனைஞ்சிடுமேன்னு எறக்கி உள்ள வச்சிருக்கேன். ஏன்?"

என்னான்னு சொல்றது? சொன்னேன். போன வச்சிட்டாரு.

பொழுது சாஞ்சி வந்து சேந்தாரு, மொபெட்டுல. மனுசன் தலையிலேருந்து கால் வரைக்கும் தொப்பலா நனைஞ்சிருந்தாரு. பின்னாடி கட்டியிருந்த ஸ்டெப்னிக்கு மட்டும் பாலித்தீன் கவரு போத்தி, அது மேல கயிறு சுத்தி, கொழந்தையாட்டம் கொண்டாந்தாரு. எறங்கி நேரா பொளந்த டயருகிட்ட போனாரு. குந்தி, விரிசல்ல வெரல வுட்டு பாத்தாரு. எங்கள 'அடி பட்டுச்சா'ன்னு ஒரு வார்த்த கேக்கல.

"ஏன்டா, சூளைய அணைச்ச கையோட கதவ தொறந்து தண்ணிய ஊத்துனா சாமான் என்னாவும்?"

"வெடிக்கும்."

"அதத்தான்டா பண்ணியிருக்க. பொங்கல்லேருந்து சூட்டுல இருந்த பொருளு. ஒரு நாளாச்சும் நெழல்ல ஆற வச்சியா? சுடச்சுட எடுத்து மழையில எறக்கிட்டியே. எப்புடி தாங்கும்?"

"நீங்கதான மாட்ட சொன்னீங்க?"

"ஆற வச்சி மாட்டணும்னு ஒனக்கு தெரிய வாணாமா? எவ்ளோ நாளு சூளைகிட்ட வேல பாத்திருக்க?"

அந்தாளு கணக்குப்படி பாத்தா ஒரு ஓட்ட கெடையாது, எல்லாம் சரியா வருது. நாத்துக்கு மடை பாக்க வந்த ரெண்டு பேரு பக்கத்துல நின்னு, "ஆமாம்பா, ஆற வச்சிருக்கணும்ல"ன்னு தலையாட்டுறானுங்க. டயர ஆற வைக்கணுமாம்! இப்புடிப்பட்ட ஊர்ல பொறந்தது என் தப்பு. மொதலாளி கைய நீட்டுனாரு. சாவிய வச்சேன்.

மறுநாளு நானு மண்ணுல. அடுத்த டிரைவரு யாருங்கறீங்க? என் கூட்டாளிதான். சும்மா கெடந்தவன 'லைசென்சு எடுடா, எடுடா'ன்னு உசுப்பேத்தி கூட்டிகிட்டு போயி எடுக்க வச்ச மகராசன் நான். மொதலாளி, மிச்சம் இருந்த டயரையும் ஸ்டெப்னியையும் ஷெட்டுக்குள்ள நெழல்ல படுக்க வச்சி, தெனமும் தொட்டு பாத்து, "இப்ப ஆறிடிச்சி"ன்னு சொல்லி மாட்ட வச்சாரு. ஈரத்துணி போட்டு நெத்தியில பத்து போடாததுதான் கொறை.

வண்டி கெளம்புச்சி. கூட்டாளி குளிச்சி, பவுடரு போட்டு, முடிய ஒரு பக்கமா வாரிகிட்டு என் சீட்டுல ஒக்காந்திருக்கான். நானு முட்டி வரைக்கும் மண்ணுல நின்னுகிட்டு கத்துனேன்.

"டேய் மாப்ள! அந்த டயர நம்பி போவாதடா, செத்து தொலஞ்சிடுவ!"

அவன் ஜன்னல்ல தலைய நீட்டுனான்.

"நீ ஓட்டி நான் பக்கத்துல ஒக்காந்து வந்தப்பவே சாவல, இனிமேவாடா சாவப் போறேன்?"